சம்பந்தியைப் பிடிக்க ஒரு கூண்டு

எங்கள் வீட்டுக்காரருக்குப் பயம் என்று எதுவும் கிடையாது. வரப்பில் சாரைப்பாம்பு படுத்திருந்தால் வாலைப் பிடித்துத் தூக்கி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, அதே கையால் பீடியைப் பற்றவைப்பார். ஆனால் வீட்டுக்குள் நின்றுகொண்டு 'எலி' என்று யாராவது சத்தமாகச் சொல்லிவிட்டால் முகம் மாறிவிடும்.

"மெதுவா பேசு. அதுக்குக் காது கேக்கும். நாம புடிக்கிறதப் பத்திப் பேசினா அன்னிக்கே பீரோவுல பூந்து பட்டுப்பொடவையக் கடிச்சி வச்சிரும்."

இதை நான் முப்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு குப்பை கொட்டுகிறவள் நான். எலிக்குத் தமிழ் புரியும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் படித்ததில்லை. ஆனாலும் என் வளைகாப்புக்குக் கட்டிய சிவப்புப் பட்டுப்புடவையின் முந்தானையில் ஒருமுறை உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது உண்மை. அதற்கு முந்தின நாள் பொறி வாங்குவதைப் பற்றி நாங்கள் பேசியதும் உண்மை. அதனால் இந்த விஷயத்தில் மட்டும் அவரோடு நான் வாதம் செய்வதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் செய்வேன்.

போன மாசி மாதம். அறுப்பு முடிந்து வயல் காலியானதும், அங்கே நெல்லைத் தின்று கொழுத்ததெல்லாம் ஊருக்குள் குடியேறும். எங்கள் ஊரான நெரவியில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்திருந்தது. அரிசி டிரம்முக்குப் பின்னால் சரசரவென்று ஒரு சத்தம், காலையில் உருளைக்கிழங்கில் பல் தடம், அவ்வளவுதான். மற்ற வருடமாக இருந்தால் நான் அதைக் கண்டுகொண்டிருக்கவே மாட்டேன். அந்த வருடம் எங்கள் பெண் ஏழு மாத கர்ப்பம்.

எங்களுக்கு ஒரே பெண். திருநள்ளாற்றில் கொடுத்திருக்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான். மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்து போவார். பெண் திருநள்ளாற்றிலேயே ஒரு பள்ளியில் டீச்சர் என்பதால் மாமியாரோடு இருக்கிறாள். அந்த மாமியார், அதாவது எங்கள் சம்பந்தி அம்மா, கணவர் போன பிறகு சனீஸ்வரன் கோயில் பக்கத்தில் கடை வைத்து, எள்ளும் நல்லெண்ணெயும் அகலும் விற்று மகனைப் படிக்கவைத்தவர். வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசுவார். நான் அதற்கு நேர்மாறு.

எங்கள் வழக்கப்படி ஏழாம் மாதம் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு நடக்கும். அன்று மாலையே தாய்வீட்டார் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். இதற்காக நான் என்னென்ன செய்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு வருடமாக ஈட்டிய விடுப்பில் ஒரு நாளைக்கூடத் தொடாமல் சேர்த்து வைத்திருந்தேன். பெண்ணின் பழைய அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. குந்தி உட்கார வேண்டாம் என்று புது டாய்லெட் போட்டாயிற்று. கட்டிலை ஜன்னல் பக்கம் போடுவதா, சுவர்ப் பக்கம் போடுவதா என்று வீட்டுக்காரரை நான்கு முறை நகர்த்தவைத்தேன். அவள் வந்து அந்தக் கட்டிலில் படுப்பதை நினைத்துக்கொண்டே அலுவலகத்தில் எத்தனையோ கோப்புகளில் தப்புத்தப்பாய்க் குறிப்பு எழுதியிருக்கிறேன்.

வளைகாப்புக்கு நாள் குறிக்கச் சம்பந்தி அம்மா வந்தார். கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். அப்போது பார்த்து, ஜன்னல் திரைச்சீலை மாட்டியிருக்கும் கம்பியின் மேல் அது நடந்து வந்தது. ஓடிப் போயிருந்தாலாவது பரவாயில்லை. நடுவில் நின்று, கீழே காபி குடித்துக்கொண்டிருந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்புறம் சாவகாசமாகப் போனது.

"பெருசா இருக்கே," என்றார் சம்பந்தி. காபியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் போன் வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பச்சப்புள்ள இருக்கப்போற வீடு. அது மோந்து பாத்துட்டுப் போன சாமானத் தொட்டாலே காய்ச்சல் வருதுங்கறாங்க. வளைகாப்ப நல்லபடியா முடிச்சிருவோம். புள்ள இங்கயே இருக்கட்டும். உங்க வீட்ல அது போனப்பறம் வந்து அழைச்சிக்கிட்டுப் போங்களேன்."

எவ்வளவு மரியாதையாகப் பேசினார் பாருங்கள். சண்டை போட ஒரு இடுக்குகூட வைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எட்டாம் மாதம் பெண்ணை அழைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஒன்பதாம் மாதம் டாக்டர் அலையவிட மாட்டார். அப்படியானால் வளைகாப்பு அன்றைக்கு அவள் வந்தால்தான் வந்தது. வளைகாப்புக்கு இருபத்தோரு நாள் இருந்தது. ஒரு எலியால் என் பெண் என் வீட்டுக்கு வராமல் போகப் போகிறாள் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். அடுக்களையில் பாத்திரம் உருண்டது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னா ஆச்சி?"

"அந்த எலிய இன்னும் இருபது நாள்ல…"

"ச்சூ! பேரைச் சொல்லாத."

"பின்ன என்னான்னு சொல்றது?"

"வேற ஏதாவது பேரு வச்சிக்க. அதுக்குப் புரியாதமாரி."

"சரி. சம்பந்தி. போதுமா?"

அவர் அப்போதுதான் ஒரு வாய் காபி குடித்திருந்தார். அது மூக்கு வழியாக வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். என் கோபத்துக்கும் அது இதமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எலிக்குச் சம்பந்தி என்று பெயர். போனில் பெண்ணிடமும் சொன்னேன். "அம்மா, வேண்டாம்மா, அத்தை காதுல விழுந்தா அவ்வளவுதான்," என்று சொல்லிக்கொண்டே அவளும் சிரித்தாள்.

அடுத்து, எதை வைத்துப் பிடிப்பது என்ற கேள்வி வந்தது. வீட்டுக்காரருக்கு அது கேள்வியே இல்லை. கொட்டகைக்குப் போய்க் கிட்டியை எடுத்து வந்தார். கிட்டி என்பது எங்கள் பக்கத்து வயல்களில் வைப்பது. மூங்கிலை வில்லாக வளைத்து நாண் பூட்டி, நடுவில் கொஞ்சம் நெல்பொரியை வைத்து வரப்பு மண்ணில் ஊன்றிவிடுவார்கள். பொரியில் வாய் வைத்ததும் வில் விடுபட்டு, நாண் கழுத்தை இறுக்கிவிடும். ஒரே இரவில் முப்பது நாற்பது பிடித்த வயல் எல்லாம் உண்டு. ஆனால் எங்கள் அடுக்களைத் தரை டைல்ஸ்.

"இதுல எங்கங்க ஊனுவீங்க?" என்றேன்.

சிமெண்டுச் சட்டி நிறைய வயல் மண்ணைக் கொண்டுவந்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, சின்னதாக ஒரு வரப்பே கட்டிவிட்டார். அதில் கிட்டியை ஊன்றி அரிசி டிரம் பக்கத்தில் வைத்தார். எனக்குத் தெரிந்து, விவசாயம் பார்க்கிற குடும்பத்தில்தான் இப்படி ஒரு யோசனை வரும். எலி வயலுக்குள் இல்லை என்றால் வயலை எலியிடம் கொண்டுபோய்விடுவது.

முதல் நாள் காலை பொரி முழுக்க எறும்பு. இரண்டாம் நாள் கிட்டி அப்படியே இருந்தது. ஆனால் சட்டி மண்ணில் விரல் ஆழத்துக்கு ஒரு வளை தோண்டப்பட்டிருந்தது.

"ஒங்க சம்பந்திக்கு நெலம் பிடிச்சிருக்கு. குடிவந்துருவாங்க போலருக்கு," என்றேன்.

மூன்றாம் நாள் காலை அடுக்களையிலிருந்து 'ஐயோ' என்று ஒரு சத்தம். எலிச் சத்தம் அல்ல. குனிந்து பார்க்கப் போன அவருடைய கால் கட்டைவிரலைக் கிட்டி கவ்விவிட்டது. நகம் கறுத்துப் போய்ப் பத்து நாள் துணி சுற்றிக்கொண்டு நடந்தார். கேட்டவர்களிடம் எல்லாம் கல் தடுக்கிவிட்டது என்றார்.

அதற்குப் பிறகு பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அலுவலகம் விட்டதும் காரைக்கால் கடைத்தெருவில் இருக்கும் இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். தாழ்ப்பாளிலிருந்து கிணற்றுக் கயிறு வரை அவரிடம்தான்.

"பொறி வேணும் பாய்," என்றேன். வீட்டைவிட்டு ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தும் குரல் தானாகத் தணிந்தது.

"வாங்கம்மா. புடிக்கணுமா, கொல்லணுமா?"

அவர் ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டார். அவரே வரிசையாக எடுத்துப் பலகை மேல் வைத்தார். பட்டென்று அடித்து முடிக்கும் இரும்புப் பொறி. விரித்து வைத்தால் காலோடு ஒட்டிக்கொள்ளும் பசை அட்டை. பச்சை நிறத்தில் மருந்துக் கட்டி. "இத தின்னா வெளிய போயிச் செத்துரும்னு எழுதியிருக்கு. ஆனா எங்க போயிச் சாகும்னு எழுதல. வாடை வந்தப்பறம் தேடிக்கிட்டுக் கெடக்கணும்," என்று தன் சரக்கைத் தானே குறை சொன்னார். நல்ல வியாபாரி.

பசை அட்டையைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. வீட்டில் ஒருத்தி பிள்ளை சுமக்கும்போது அந்தக் குடும்பத்தில் யாரும் ஓர் உயிரைக் கொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இதிலெல்லாம் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை என்றுதான் சொல்லிக்கொள்வேன். ஆனால் பெண்ணின் வயிற்றில் இருப்பதை வைத்துக்கொண்டு யார் சோதித்துப் பார்ப்பார்கள்? கடையிலிருந்தே வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"அட ஆமா," என்றார் அவரும் திகிலோடு. "அப்ப நான் கிட்டி வச்சேனே?"

"அது எதையும் கொல்லாதுங்க. நீங்க நிம்மதியா இருங்க."

"வயல்ல வச்சிருக்கறது?"

"வயலுக்கு இது செல்லாது," என்று நானே சட்டம் போட்டுக் கொடுத்தேன். அலுவலகத்தில் இத்தனை வருடம் இருந்ததில் விதிவிலக்கு எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே உயிரோடு பிடிக்க வேண்டும். அதில் இரண்டு வகை இருந்தது. மேலே கதவு விழும் மரப்பெட்டி ஒன்று, கம்பிக்கூண்டு ஒன்று. மரப்பெட்டியில் ஒருமுறை ஒன்று விழுந்துவிட்டால் வாடை மரத்தில் ஊறிவிடும், அடுத்தது கிட்டே வராது என்றார் பாய். கம்பிக்கூண்டைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். அதோடு, மரப்பெட்டியில் உள்ளே என்ன விழுந்திருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். திறந்து பார்ப்பது யார்? கம்பிக்கூண்டையே எடுத்தேன். நல்ல பச்சைப் பெயிண்ட் அடித்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு நெரவி பஸ்ஸில் ஏறியபோது, பெண்ணையே அழைத்து வருவதுபோல எனக்கு ஒரு திருப்தி.

திருப்தி ஒரு நாள்கூட நிற்கவில்லை. முதல் நாள் மசால்வடையைக் கொக்கியில் குத்தி வைத்தேன். காலையில் வடையைக் காணோம். கதவு திறந்தே இருந்தது. இரண்டாம் நாள் நெருப்பில் சுட்ட தேங்காய்ச் சில்லு. அதுவும் போயிற்று. மூன்றாம் நாள் நெத்திலிக் கருவாடு வைத்தேன். தலையை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போயிருந்தது. உள்ளே போகிறது, தின்கிறது, வெளியே வருகிறது. கதவு மட்டும் விழுவதில்லை. எங்கள் வீட்டில் அந்த ஒரு வாரம் மூன்று வேளையும் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

வளைகாப்புக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை ராத்திரி, வயிற்றெரிச்சல் தாங்காமல் பெண்ணைப் போனில் கூப்பிட்டேன். அவள் 'அம்மா' என்றதுதான் தாமதம், நான் பிடித்துக்கொண்டேன்.

"சம்பந்தி நேத்தும் வந்து மூக்கு முட்டத் தின்னுட்டுப் போயிருக்குடி. கொஞ்சமாவது வெக்கம் வேணாம்? வடை, தேங்கா, கருவாடு, ஒண்ணு விடல. தின்னுட்டு டிரம்முக்குப் பின்னால போயி ஒக்காந்துக்குது. வால் மட்டும் என் கையில சிக்கட்டும், சம்பந்திய ஒரு வழி பண்ணிடறேன்."

"அம்மா…" என்று பெண்ணின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அப்புறம் இன்னொரு குரல், நிதானமாக, எண்ணி எண்ணி.

"சம்பந்தி, நான் நேத்து முழுக்கக் கடையிலதான் இருந்தேன். எனக்கு வால் வேற இருக்காக்கும்?"

நடந்தது இதுதான். பெண்ணின் இரண்டு கையிலும் மருதாணி. அரைத்து இட்டுக்கொண்டிருந்தவர் சம்பந்தி. கை ஒழியாததால் போனை ஸ்பீக்கரில் போட்டு முன்னால் வைத்திருக்கிறார்கள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டேன். பதில் சொல்லாமல் போனை வைப்பது, திட்டினதைவிட மோசம் என்பது வைத்த பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இனி எலி போனாலும் பெண் வரமாட்டாள். பிள்ளை பிறந்த பிறகு அங்கே போய், விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்து பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். வெள்ளையடித்த அறையில் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். எல்லாம் என் வாயால் வந்தது. வேறு யாரைச் சொல்வது?

மறுநாள் ஞாயிறு. காலை எட்டு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சம்பந்தி அம்மா இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. நான் "வாங்க" என்றது எனக்கே கேட்கவில்லை.

"காபி கலக்கறேன், ஒக்காருங்க."

"காபி இருக்கட்டும். அது எங்க இருக்கு?"

"எது?"

"கூண்டு."

அடுக்களைக்குள் நேராகப் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கூண்டை மடியில் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொக்கியை விரலால் தட்டிப் பார்த்தார். "பாருங்க, பெயிண்டு அப்பிக் கெடக்கு. இது எப்படி நழுவும்?" என்றார். பழைய கத்தி கேட்டு வாங்கிக் கொக்கியைச் சுரண்டினார். பையிலிருந்து ஒரு சின்ன புட்டியை எடுத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். தேங்காய்ச் சில்லு ஒன்று கேட்டு, அடுப்பில் காட்டி, அதை நூலால் கொக்கியோடு இறுக்கக் கட்டினார்.

"சும்மா குத்தி வச்சா நாசூக்கா உருவிக்கிட்டுப் போயிரும். கட்டி வைக்கணும். அப்பத்தான் புடிச்சி இழுக்கும். இழுத்தாத்தான் கதவு விழும். நடுவுல வைக்காதீங்க, அது செவுத்தோரமாத்தான் ஓடும். மேல ஒரு சாக்கப் போட்டு மூடிடுங்க, வளைன்னு நெனச்சிக்கும்."

எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. "உங்களுக்கு எப்படிங்க இவ்வளவு தெரியும்?"

"எள்ளு மூட்டையும் எண்ணெயும் வச்சி வியாபாரம் பண்றவளுக்குத் தெரியாம இருக்குமா? வீட்லதான சரக்கு கெடக்கு. எங்கிட்ட மூணு கூண்டு இருக்கு."

"உங்க வீட்லயும் இருக்கா?"

"உங்க வீட்டுதவிடப் பெருசு."

வந்தது பாருங்கள் எனக்குக் கோபம். பதினைந்து நாளாகச் சேர்த்து வைத்தது எல்லாம் ஒன்றாக எழும்பியது. "அப்ப என் பொண்ணு அந்த வீட்ல இருக்கலாம். இந்த வீட்டுக்கு மட்டும் வரக்கூடாதா? எங்க வீட்டுது கடிக்கும், உங்க வீட்டுது கடிக்காதாக்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கையில் மிச்சமிருந்த நூலை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"வரலாம்தான்," என்றார். "இங்க வந்தா அஞ்சு மாசம் ஆயிரும் அவ திரும்பி வர. கடைய சாத்திட்டுப் போனா வீடு இருட்டா கெடக்கும். இந்த ரெண்டு வருசமா நான் போறதுக்கு முன்னாடி லைட்டு எரியுது சம்பந்தி. அன்னிக்கு உங்க திரைக்கம்பி மேல அது வந்தப்ப எனக்குச் சந்தோசமா இருந்திச்சி. ஒரு சாக்குக் கெடச்சிதேன்னு. தப்புதான். ராத்திரியே தெரிஞ்சிது தப்புன்னு. ஆனா சொல்லிட்டேன்."

நான் சண்டைக்காரி. எதற்கும் பதில் வைத்திருப்பேன். அன்று போய் அடுப்பை அணைத்தேன். இந்த இரண்டு வருடத்தில் என் பெண் எப்போது வருவாள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, அவள் கிளம்பி வருகிற வீட்டில் மிச்சம் யார் இருப்பார்கள் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. அவருக்கு எதிரில் நானும் தரையில் உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கொல்லைக் கதவு திறந்தது. வயலுக்குப் போயிருந்த வீட்டுக்காரர், துணி சுற்றிய விரலோடு நொண்டிக்கொண்டே வந்தவர், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் குரல் கொடுத்தார்.

"என்னா, சம்பந்தி மாட்டிச்சா?"

அடுக்களை வாசலில் வந்து நின்று பார்த்தார். தலைப்பாகைத் துண்டு கையிலிருந்து விழுந்தது.

"மாட்டிக்கிச்சிங்க அண்ணே," என்றார் சம்பந்தி.

முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் நான். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தோம். வீட்டுக்காரர் மட்டும் "நான் வந்து… அது வந்து…" என்று அரை மணி நேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தி அம்மா ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, எங்கள் சட்னியில் உப்பு போதவில்லை என்று சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸுக்குத்தான் கிளம்பினார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சாக்கை விலக்கினேன். கதவு விழுந்திருந்தது. உள்ளே இருந்தது நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது, மீசை துடிக்க என்னைப் பார்த்தது. படம் எடுத்துப் பெண்ணுக்கும் சம்பந்திக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சம்பந்தியிடமிருந்து கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று வந்தது. வீட்டுக்காரர் கூண்டை மொபெட்டில் கட்டிக்கொண்டு போய், வாய்க்கால் தாண்டிக் கருவை மண்டிக் கிடக்கும் திடலில் திறந்து விட்டார். நான் கூண்டுக்குச் சுடுதண்ணீர் ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை திருநள்ளாற்றில் வளைகாப்பு நன்றாக நடந்தது. பெண்ணின் கை இரண்டும் முழங்கை வரை வளையல், உள்ளங்கையில் நன்றாகச் சிவந்த மருதாணி. சாயங்காலம் வாடகைக் கார் வாசலுக்கு வந்தது. வீட்டுக்காரர் துணி மூட்டையோடு மொபெட்டில் முன்னால் போய்விட்டார். பின்சீட்டில் ஒரு பக்கம் கலந்த சாதப் பாத்திரங்களும் சீர்த் தட்டுகளும் அடைத்துக்கொண்டன. நடுவில் பெண் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது. அது என் இடம். இரண்டு வருட விடுப்பைச் சேர்த்து நான் பிடித்த இடம்.

சம்பந்தி அம்மா ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் கோப்பு, மாத்திரைப் பை, ஒரு தலையணை. கொடுக்கும்போதே என்னிடம் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

"இந்தத் தலகாணி இல்லாம தூங்க மாட்டா, முழங்காலுக்கு நடுவுல வச்சிக்கணும். இரும்பு மாத்திரய வெறும் வயித்துல குடுக்காதீங்க, குமட்டும். விடியக்காலம் நாலு மணிக்குப் பசிக்கிதும்பா, எழுப்பச் சங்கடப்பட்டுக்கிட்டு அப்படியே படுத்துக் கெடப்பா. பொட்டுக்கடலையும் வெல்லமும் தலமாட்டுல வச்சிருங்க. புள்ள வலது பக்கந்தான் உதைக்கும். உதைச்சா கையப் புடிச்சி அங்க வச்சிக்குவா, எடுக்க விடமாட்டா."

யார் கையை என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. என் பெண்ணைப் பற்றி இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. போனில் தினமும் பேசியிருக்கிறேன், பெரும்பாலும் என் எலியைப் பற்றி. பெண் ஜன்னல் பக்கம் திரும்பி, "அத்தை, சனிக்கிழமை கூட்டத்துல தனியா நிக்காதீங்க," என்றாள். அவர் "சரி சரி" என்று வேறு எங்கோ பார்த்தார். புறப்படும்போது கண் கலங்கக் கூடாது என்று உள்ளே போகத் திரும்பினார்.

"சம்பந்தி," என்று கூப்பிட்டேன். "இவ்வளவையும் நான் எப்படி ஞாபகம் வச்சிக்கறது? எனக்கு ஒண்ணும் ஏறல. நீங்களே வந்து பாத்துக்குங்க."

"நான் எப்படிங்க? ஊர்ல என்னா சொல்லுவாங்க? கடை வேற…"

"வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்க கொண்டாந்து விட்டுடறோம். சனிக்கிழமை கடை, ஞாயித்துக்கிழமை காலையில ஆட்டோ. ஊரு என்னா சொன்னாலும் எங்கிட்ட வந்து சொல்லச் சொல்லுங்க. இன்னிக்கு வந்து ரூமயாவது பாருங்க. நாளைக்குக் கடை தொறக்கறதுக்குள்ள கொண்டாந்து விட்டுடச் சொல்றேன்."

சண்டைக்காரியாக இருப்பதில் இப்படி ஒரு வசதியும் உண்டு. அவர் என்னைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். "அஞ்சே நிமிசம்," என்று சொல்லிவிட்டு, அந்த வயதில் யாரும் ஓடாத ஓட்டமாக உள்ளே ஓடினார். பெட்டியைத் திறக்கும் சத்தம், ஜன்னல்களைச் சாத்தும் சத்தம் கேட்டது.

நான் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.